அலமாரியைத் திறந்தால் விளையாட்டு: சொந்தப் புத்தகங்களை வைத்துச் சில சொல்லாட்டங்கள்



சில ஆண்டுகளுக்கு முன் படிவம் 5 மாணவர்களின் முன்னோட்டத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசிப்பின் பயன் பற்றிய கட்டுரை. 28 தாள்கள். பாதிக்கு மேற்பட்டவை ஒரே வாக்கியத்தில் தொடங்கின. அந்த வாக்கியத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தால், அது நானே தயாரித்துக் கொடுத்த சிப்பத்தில் இருந்த வாக்கியம்! எழுத்துப்பிழை இல்லை, நிறுத்தற்குறி சரி, ஒற்று சரி. ஆனால் வாசிப்பைப் பற்றி எழுதிய அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடத் தாம் வாசித்த ஒரு புத்தகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

குறை அவர்களிடம் இல்லை, மனனம் செய்யச் சொன்னது நான்தான். அதன் பிறகுதான் வகுப்பில் இந்த விளையாட்டுகளைத் தொடங்கினேன். இவை தேர்வுக்கான குறுக்குவழிகள் அல்ல. ஆனால் ஒரு சொல்லை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்து, ‘இது இங்கே பொருந்துமா?’ என்று மாணவரைக் கேட்க வைக்கும். படிவம் 4, 5 மாணவர்கள் வீட்டில் தனியாகவும் ஆடலாம்.

முதலில் புத்தக முதுகு.

அலமாரியில் புத்தகம் அடுக்கியிருக்கும்போது நம் கண்ணுக்குத் தெரிவது அதன் முதுகும் அதிலுள்ள தலைப்பும்தான். மூன்று நான்கு புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தலைப்புகளை மேலிருந்து கீழே வாசித்தால் ஒரு கவிதையோ ஒரு செய்தியோ வர வேண்டும். சொல் சேர்க்கக் கூடாது, நீக்கக் கூடாது. வரிசையை மட்டும் மாற்றலாம். நீனா கட்சதூரியன் என்ற அமெரிக்கக் கலைஞர் 1993ஆம் ஆண்டு தொடங்கி இப்படிப் புத்தகங்களை அடுக்கிப் படம் எடுத்து வருகிறார். இன்று பல நாடுகளின் நூலகங்களிலும் பள்ளிகளிலும் இதை ஆடுகிறார்கள்.

என் வீட்டு அலமாரியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. நம் ரெ. கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’, அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’, ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ மூன்றையும் இப்படி அடுக்கினேன்:

அந்திம காலம்
கரைந்த நிழல்கள்
நாளை மற்றுமொரு நாளே

மூன்று நாவலுக்கும் ஒன்றோடொன்று தொடர்பே கிடையாது. அடுக்கியதும் ஒரு முதியவரின் மாலைப்பொழுது வந்துவிடுகிறது. கடைசி இரண்டு வரிகளை இடம் மாற்றிப் பாருங்கள். நம்பிக்கையில் முடிந்தது இருட்டில் முடிகிறது. ‘கட்டுரையின் முடிவு ஏன் முக்கியம்?’ என்று நான் அரைமணி நேரம் விளக்கியதைவிட, இந்த மூன்று புத்தகங்களை மாற்றி வைத்தது மாணவர்களுக்குச் சீக்கிரம் புரிந்தது.

முதல் முறை ஆடியபோது ஒரு தவறு செய்தேன். பள்ளி வள மையத்திலிருந்து ஒரு பெட்டி நிறையப் புத்தகம் தூக்கி வந்து மேசையில் கொட்டி, “எடுங்க, அடுக்குங்க” என்றேன். அடுக்கினார்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கைப்பேசியைத் தடவ ஆரம்பித்தார்கள். அந்நியர் வீட்டுச் சாமானை அடுக்கச் சொன்னது போலத்தான். அடுத்த வாரம், “உங்க வீட்டுல என்ன புத்தகம் இருக்கோ அதைக் கொண்டு வாங்க, மூணு போதும்” என்றேன். உடனே வந்த கேள்வி:

“டீச்சர், எங்க வீட்டுல தமிழ்ப் புத்தகமே இல்லயே?”

இதை நாம் நேராகப் பார்க்க வேண்டும். தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் பலரின் வீட்டில் தமிழ் அலமாரி என்று ஒன்று இல்லை. பாடநூல், ஒரு திருக்குறள், சாமி மேடையில் கந்த சஷ்டி கவசம், சமையல் குறிப்பு, சுவரில் நாள்காட்டி. அவ்வளவுதான். அதனால் விதியைத் தளர்த்தினேன். தமிழில் அச்சான எதுவும் அன்றைக்குப் புத்தகம்தான்: கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா மலர், பலசரக்குக் கடை நாள்காட்டி, எல்லாம். தேடிப் பார்க்கச் சொன்னதும் சில வீடுகளில் எதிர்பாராதது கிடைத்தது. ஒரு மாணவி தாத்தாவின் கட்டிலுக்கடியில் இருந்த தகரப்பெட்டியைத் திறந்திருக்கிறாள். உள்ளே மு. வரதராசனின் ‘அகல் விளக்கு’, ஜெயகாந்தனின் ‘யாருக்காக அழுதான்’, அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’. அட்டை கிழிந்து நூலால் கட்டியிருந்தது. அவள் இரண்டை மட்டும் அடுக்கினாள்:

பால்மரக் காட்டினிலே
யாருக்காக அழுதான்

வகுப்பில் சத்தம் நின்றுவிட்டது. ‘பால்மரக் காட்டினிலே’ நம் நாட்டு ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியது. அவளுடைய தாத்தாவும் பால்மரம் வெட்டியவர். “தாத்தா படிச்சிருக்காருன்னே எனக்குத் தெரியாது டீச்சர்” என்றாள். நான் வேறொன்றும் கேட்கவில்லை, இலக்கணம் மட்டும் கேட்டேன்: “அழுதான், யார்? எழுவாய் எங்கே?” தோன்றா எழுவாய் என்று பின் வரிசையிலிருந்து பதில் வந்தது. பாடநூலில் வெறும் பெயராக இருந்த தோன்றா எழுவாய், அன்றைக்கு ஓர் ஆளாக அந்த மரங்களுக்கு நடுவே நின்றது.

இன்னொரு பையன் வீட்டில் மலாய்ப் புத்தகங்கள்தாம். அவன் அண்ணன் மலாய் இலக்கியம் படித்தவர். “தலைப்பை மொழிபெயர்த்துக்கொள்” என்றேன். ஷானோன் அகமது 1966இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவல் ‘ரஞ்ஜாவ் செபாஞ்ஜாங் ஜாலான்’. செபாஞ்ஜாங் ஜாலான் என்றால் வழிநெடுக. ரஞ்ஜாவ் என்பதற்கு என்ன போடுவது? கூராகச் சீவி நிலத்தில் நட்டு வைக்கும் மூங்கில் முளைதான் பழைய பொருள். இப்போது கண்ணிவெடிக்கும் அதே சொல். ‘முளை’ என்றால் தமிழில் செடி முளைப்பது முந்திக்கொண்டு வருகிறது. ‘பொறி’ என்றால் எலிப்பொறி. நாவலில் உழவன் லாஹுமாவின் காலில் முள் குத்தி, அதனாலேயே அவன் சாகிறான் என்று அண்ணன் சொன்னதைக் கேட்டு, பையன் ‘வழிநெடுக முள்’ என்று முடிவு செய்தான். என் ‘மோகமுள்’ பிரதியை இரவல் வாங்கி அதன்மேல் வைத்தான். நல்ல அடுக்கு. மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லுக்கு இத்தனை நேரம் செலவழித்த வகுப்பு எனக்கு அதற்கு முன் அமைந்ததில்லை.

இங்கேதான் இலக்கணம் தானாக உள்ளே வருகிறது. தலைப்புகள் சின்னச் சின்னத் தொடர்கள். ஆகவே புணரியல் அவற்றின் முதுகிலேயே அச்சாகிக் கிடக்கிறது. மகர மெய்யில் முடியும் சொற்களை மட்டும் பாருங்கள். மரம் + பசு ‘மரப்பசு’ ஆகிறது. மகரம் கெட்டு, வல்லினம் மிகுந்திருக்கிறது. சித்திரம் + பாவை ‘சித்திரப்பாவை’, அதே விதி. மோகம் + முள் ‘மோகமுள்’. இங்கே மகரம் கெட்டது, ஆனால் வருமொழி மெல்லினம் என்பதால் எதுவும் மிகவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, மரணம் + ரயில், அதுவும் அப்படித்தான். ரெ. கார்த்திகேசுவின் ‘வானத்து வேலிகள்’ தலைப்பில் வானம் அத்துச் சாரியை பெற்று நிற்கிறது. ஒரே ஈறு, மூன்று நடத்தை, ஐந்து புத்தகம். கரும்பலகையில் எழுதிப் போட்டால் மறந்துவிடும். வீட்டில் தினமும் கண்ணில் படும் முதுகு மறக்காது.

சண்டையும் வந்தது. ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலைக் கொண்டு வந்த மாணவி அதன்கீழ் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை வைத்தாள். அந்த வாரம் எங்கள் வட்டாரத்தில் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை, ஆகவே எல்லாருக்கும் சிரிப்பு. ஆனால் முன் வரிசையில் ஒருவன் கை தூக்கினான். “டீச்சர், ‘ஒரு உலகம்’ தப்பு. உயிரெழுத்துக்கு முன்னால ‘ஓர்’ வரணும். ஜெயகாந்தன் எழுதினா மட்டும் சரியா?”

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்து ஓர், ஒரு என்று அடித்துச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் அல்லவா! நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தலைப்பை ‘ஓர் உலகம்’ என்று மாற்றிச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். ‘ஒரு’ என்பது மூன்று முறை ஒரே தட்டாக விழுவதும், மூன்றாவது மட்டும் மாறினால் அந்தத் தட்டு தடுமாறுவதும் காதுக்குத் தெரிந்தது. படைப்பாளி ஓசைக்காக விதியைத் தளர்த்தலாம். தேர்வுத் தாளில் நாம் ‘ஓர் உலகம்’ என்றே எழுத வேண்டும். இரண்டையும் தெரிந்துகொண்டு எழுதுவது வேறு, தெரியாமல் எழுதுவது வேறு என்பதை அவனே நண்பர்களுக்கு விளக்கினான். (அவனுக்குப் பாதி சமாதானம்தான். இன்றுவரை அந்தத் தலைப்பைத் திருத்த வேண்டும் என்கிறான்.)

அடுத்தது ‘ஏழு தள்ளி’. இது பிரான்சிலிருந்து வந்தது. 1960இல் ரேமோன் கெனோ என்ற எழுத்தாளரும் கணிதத்தில் ஈடுபாடு கொண்ட பிரான்சுவா லெ லியோனே என்பவரும் சேர்ந்து பாரிசில் ‘ஊலிப்போ’ என்ற குழுவை அமைத்தார்கள். கடுமையான விதிகளை வைத்துக்கொண்டு எழுதிப் பார்ப்பதே குழுவின் வேலை. அதில் ழான் லெஸ்க்யூர் கொடுத்த விளையாட்டு இது: ஒரு பத்தியில் உள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் எடுத்துவிட்டு, அகராதியில் அதற்குப் பின்னால் ஏழாவதாக வரும் பெயர்ச்சொல்லை அந்த இடத்தில் வைக்க வேண்டும். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இது சிரிப்புக்கான ஆட்டம். தமிழில் ஆடினால் சிரிப்போடு இலக்கணப் பயிற்சியும் சேர்ந்துகொள்கிறது. நம் பெயர்ச்சொல் தனியாக நிற்பதில்லை, வேற்றுமை உருபைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எழுவாய் மாறினால் பயனிலையும் மாற வேண்டும்.

ஓர் எளிய வாக்கியம்: ‘பழைய மரத்தில் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது.’ எண்ணிக்கொண்டு போனதில் மரத்துக்குப் பதில் மருந்தும், கிளிக்குப் பதில் கிழவியும் வந்ததாக வைத்துக்கொள்வோம். அவசரக்காரர்கள் ‘மருந்தத்தில்’ என்று எழுதுவார்கள். அத்துச் சாரியை மரத்துக்கு உரியது. ‘மருந்து’ குற்றியலுகரச் சொல், உகரம் கெட்டு ‘மருந்தில்’ என்றே வரும். மருந்துக்குப் பதில் வீடு வந்திருந்தால் ஒற்று இரட்டித்து ‘வீட்டில்’, ஆறு வந்திருந்தால் ‘ஆற்றில்’. கிளி அஃறிணை, கிழவி உயர்திணை. ஆகவே ‘உட்கார்ந்திருந்தாள்’. கிளிக்குப் பதில் ஆந்தை வந்தால் ‘ஒரு’ போய் ‘ஓர்’ வரும். கடைசியில் கிடைப்பது: ‘பழைய மருந்தில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள்.’ பொருள் அபத்தம், இலக்கணம் சுத்தம். பொருள் கைகொடுக்காததால் மாணவர் உருபையும் சாரியையையும் நம்பித்தான் எழுத வேண்டியிருக்கிறது. வேற்றுமைப் பயிற்சித் தாளில் 20 கேள்வி கொடுத்தால் முகம் சுளிப்பவர்கள், இதில் இரண்டு பத்தி கேட்டு வாங்கிச் செய்தார்கள். அச்சு அகராதி தேவை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வசதியானது. கைப்பேசியில் சொல் தேடினால் முன்னும் பின்னும் உள்ள சொற்கள் கண்ணில் படாது.

அகராதி இல்லாதவர்களுக்கு இன்னும் எளிய ஆட்டம் உண்டு. பிறந்த தேதி பக்க எண், பிறந்த மாதம் வரி எண். ஐந்து புத்தகங்களில் அந்தப் பக்கத்து அந்த வரியிலிருந்து ஒவ்வொரு சொல் எடுத்து, ஐந்தையும் ஒரே வாக்கியத்தில் கோக்க வேண்டும். புத்தகங்கள் எவ்வளவு வேறுபட்டிருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. ஒரு மாணவருக்குக் குறள் உரையிலிருந்து ‘இடுக்கண்’, அறிவியல் நூலிலிருந்து ‘ஆவியாதல்’, பக்திப் பாடல் தொகுப்பிலிருந்து ‘கருணை’, சமையல் குறிப்பிலிருந்து ‘தாளித்து’, ஒரு நாவலிலிருந்து ‘படகோட்டி’ கிடைத்தன. அவர் எழுதியது: ‘எங்களுக்கு இடுக்கண் வந்தபோது படகோட்டியின் கருணை ஆவியாகிப் போனது, அவன் கரையில் மீன் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தான்.’ இந்த வாக்கியம் எந்தச் சிப்பத்திலும் கிடைக்காது!

நான் மிகவும் விரும்பும் ஆட்டம் உதடு ஒட்டாமல் பேசுவது. பிரெஞ்சு எழுத்தாளர் ழார்ஜ் பெரெக், தம் மொழியில் மிக அதிகமாகப் புழங்கும் உயிரெழுத்தை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் 1969இல் முழு நாவலே எழுதினார் என்று வியப்பார்கள். நம்மிடம் இது பழைய சரக்கு. தண்டியலங்காரம் மிறைக்கவிகளில் ஒன்றாக நிரோட்டத்தைச் சொல்கிறது. 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடியிருக்கிறார். உதட்டால் பிறக்கும் எழுத்துகளே வராமல் ஓர் அந்தாதி முழுவதும்! மாலைமாற்றுக்கும் திருஞானசம்பந்தர் மூன்றாம் திருமுறையில் பதிகமே பாடியிருக்கிறார். ‘விகடகவி’, ‘தேரு வருதே’ என்று நாம் சொல்லிச் சிரிப்பதன் மூத்த வடிவம் அது.

நிரோட்டத்தை இரண்டு நிலையில் ஆடலாம். முதல் நிலையில் உதடு ஒட்டக் கூடாது. அதாவது ப, ம இரண்டும் கூடாது. கீழுதடு மேற்பல்லைத் தொடுவதால் வகரமும் கூடாது. இரண்டாம் நிலையில் உதடு குவியவும் கூடாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ எல்லாம் போய்விடும். முதல் நிலையே போதும், இரண்டாவது புலவர்களுக்கு. உங்கள் புத்தகத்தைத் திறந்து, உதடு ஒட்டாத வாக்கியம் ஒன்றைத் தேடுங்கள். எளிதில் கிடைக்காது. திருக்குறளில் துறவு அதிகாரத்தின் முதற்குறளை, 341ஆவது குறளை, வாசித்துப் பாருங்கள். உதடு ஒட்டவே ஒட்டாது, ஓரிடத்தில் ஓகாரத்துக்குக் குவியும், அவ்வளவே. அதே அதிகாரத்தின் கடைசிக் குறளுக்கு, 350க்கு, வந்தால் உதடு ஒட்டிக்கொண்டே இருக்கும். விட வேண்டியதைப் பேசும்போது ஒட்டாமலும் பற்ற வேண்டியதைப் பேசும்போது ஒட்டியும் அமைந்திருப்பதாக மேடைகளில் சொல்வார்கள். வள்ளுவர் திட்டமிட்டே செய்தாரா என்பது வேறு விஷயம். செய்யுளை மனனம் செய்யும் மாணவர் ஒருமுறையாவது அதை வாயில் உணர்ந்து பார்க்கட்டும்.

பிறகு சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். முதலில் உறவுகள் போகும். அம்மா இல்லை, அப்பா இல்லை, தம்பி இல்லை, பாட்டி, மாமா யாரும் இல்லை. தாத்தா, அக்கா, அண்ணன், தங்கை, அத்தை, சித்தி தப்பித்தார்கள். ‘தாத்தா நேற்று காலையில் கடற்கரைக்குச் சென்றார்’ சரி. நாளைக்குப் போகச் சொல்லுங்கள் பார்ப்போம். ‘செல்வார்’ என்றால் வகரம் வந்துவிட்டது. ‘நடப்பார்’ என்றால் பகரம். ‘நடக்கும்’ என்றால் மகரம். ப், வ் இரண்டும் எதிர்கால இடைநிலைகள் என்று பாடத்தில் படித்ததை இங்கே வாய் கண்டுபிடிக்கிறது. “டீச்சர், இதுல எதிர்காலமே இல்ல!” என்று ஒருத்தி கத்தினாள். ‘அவன்’, ‘அவள்’ போனதால் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ‘நாங்கள்’ என்று தொடங்கலாம், ஆனால் ‘சென்றோம்’ என்று முடிக்க முடியாது. எண்ணும்மை கிடையாது. இத்தனையையும் இழந்துவிட்டு ஐந்து வாக்கியம் எழுதியவர்களுக்கு, மறுநாள் சாதாரணத் தமிழில் எழுதும்போது கை எவ்வளவு தாராளமாகிறது என்று பாருங்கள். ஈர்க்குச்சி ஒன்றை உதடுகளுக்கிடையே நிறுத்தி வைத்து வாசிக்கச் சொன்னால் யார் ஏமாற்றுகிறார் என்று உடனே தெரியும். குச்சியின் முனை கூராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. ஒரு தவணையில் இவற்றுக்குப் புள்ளி போட்டுப் பார்த்தேன். அத்தோடு விளையாட்டு செத்துப் போனது. அடுக்குகளை இணையத்தில் பார்த்து அப்படியே கொண்டு வந்தார்கள். இப்போது புள்ளி கிடையாது. அடுக்கைப் படம் எடுத்து வகுப்புப் புலனத்தில் போட வேண்டும், அவ்வளவுதான். வாரம் ஒன்று, பாடம் தொடங்கும் முன் பத்து நிமிடம். கட்டுரைப் பயிற்சியும் மாதிரிக் கட்டுரைகளும் வழக்கம்போல நடக்கின்றன. ஆனால் முன்னுரை வாக்கியங்களைச் சிப்பத்தில் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். சிலருடைய முன்னுரை முன்பைவிடத் தடுமாறுகிறது, உண்மைதான். திருத்த அதிக நேரம் ஆகிறது.

தகரப்பெட்டி மாணவியின் அம்மா அன்று மாலை புலனத்தில் எழுதியிருந்தார்: “டீச்சர், அந்த ரெண்டு புத்தகத்தையும் நாளைக்கு மறக்காம குடுத்து விடுங்க. தாத்தா தேடுறாரு.”